கைநாட்டுக்குச் சாட்சி

எனக்குக் கோபம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாபநாசம் தாலுகா ஆபீசுக்கு எதிரே புங்கமரத்தடியில் ஒரு தகரக் கொட்டகை போட்டு இருபத்திரண்டு வருஷமாக மனு எழுதிப் பிழைக்கிறேன். பட்டா மாற்றம், அடங்கல் நகல், முதியோர் பென்ஷன், குத்தகைத் தகராறு, எதுவானாலும் 'ஹாஜா பாயிடம் போ' என்பார்கள். என் மனுவில் குழைவு இருக்காது. 'ஏன் செய்யவில்லை?' என்று நேராகக் கேட்டிருப்பேன். அதனால் அதிகாரிகள் கடைசி வரி வரைக்கும் படிப்பார்கள். படித்துவிட்டு என்னைத் திட்டுவார்கள். படிக்கிறார்களே, அது போதும்.

என் தொழிலில் இன்னொரு வேலையும் உண்டு. எழுதத் தெரியாதவர்கள் இடது கைப் பெருவிரலை மையில் தொட்டு வைப்பார்கள். பக்கத்தில், இது இன்னாருடைய கைநாட்டு என்று ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போடவேண்டும். எல்லோரையும் தெரிந்தவன் என்பதால் அந்த ஒருவர் பெரும்பாலும் நான்தான். காகிதத்தில் என்ன இருக்கிறது என்பது கொடுத்தவன் பாடு, வாங்கினவன் பாடு. விரல் யாருடையது என்பது மட்டும் என் பாடு. நிமிர்ந்து ஆளைப் பார்ப்பேன், போடுவேன், அடுத்த ஆள். ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து ஆகும். காகிதத்தைப் படிக்க மாட்டேன். இந்தத் தெருவில் எந்தச் சாட்சியும் படித்ததில்லை.

பொன்னுத்தாய் வந்தது 2012 ஆடி மாதம். அந்த வருஷம் ஜூனில் மேட்டூர் திறக்கவில்லை. குறுவை போய்விட்டது. சம்பாவுக்காவது தண்ணீர் வருமா என்று ஊரே வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தது. மன்னார்குடிப் பக்கத்திலிருந்து சிலர், பூமிக்கடியில் வாயு எடுக்கப் போகிறார்களாம், எங்கள் சர்வே எண் அந்தப் பட்டியலில் எப்படி வந்தது என்று கேட்டு மனு எழுத வந்திருந்தார்கள். அவர்களை அனுப்பிவிட்டு டீ குடிக்கலாம் என்று எழுந்தேன். பொன்னுத்தாய் மஞ்சள் பையோடு நின்றாள்.

அவளையும் அவள் புருஷன் பஞ்சநதத்தையும் எனக்கு நன்றாகத் தெரியும். குடமுருட்டிக் கரையில் மடத்துக்குச் சொந்தமான நிலம் ஐந்து மா, குத்தகைக்கு. அவன் பெயரைக் குத்தகைதாரர் பதிவில் ஏற்ற நான் இரண்டு வருஷம் மல்லுக்கட்டியிருக்கிறேன். தானே இறங்கிச் சாகுபடி செய்கிறவனுக்குத்தான் அந்தப் பதிவு. அந்த நிலத்தின்மேல் கண் வைத்திருக்கும் ஒருவர், பஞ்சநதம் வயலில் இறங்குவதே இல்லை என்று எழுதிக்கொடுக்கத் தயாராகக் காத்திருந்தார்.

"என்னம்மா, மறுபடியும் குத்தகைத் தகராறா?"

"இல்ல பாய். அவருக்கு இப்ப வலது கால்லயும் புண்ணு வந்துருச்சு."

இடது காலில் வந்த கதை எனக்குத் தெரியும். சர்க்கரைப் புண். போன வருஷம் இரண்டு விரலோடு பாதத்தில் பாதியை எடுத்துவிட்டார்கள்.

"கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். டாக்டரம்மா நல்லாத்தான் பாக்குறாங்க. ஆனா போன வருஷம் அந்தத் தனியார் ஆஸ்பத்திரில போட்ட ஊசி என்ன ஊசின்னு கேக்குறாங்க. அது தெரிஞ்சாத்தான் இப்ப குடுக்குற மருந்து கிட்னிக்கு ஒத்துக்குமான்னு சொல்ல முடியுமாம். பத்து நாளைக்குள்ள கேட்டு வாங்கியாங்கன்னுட்டாங்க. தள்ளிப்போனா இந்தக் காலும்..."

பையிலிருந்து ஒரு துண்டுச்சீட்டை எடுத்து நீட்டினாள். அந்த டாக்டரம்மா கையால் எழுதியிருந்தார்: 'முன்பு செலுத்திய மருந்தின் விவரம் அவசரமாகத் தேவை.'

அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். சொன்னால் வக்கீல் நோட்டீஸ் வரும், அதற்குப் பதிலும் நானே எழுதவேண்டும். தஞ்சாவூரில் கண்ணாடி வைத்துக் கட்டிய ஆஸ்பத்திரி. 2011 தை மாதம், எலெக்ஷனுக்கு முன்னால், பாபநாசத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் சர்க்கரைப் புண்ணுக்கு இலவச முகாம் நடத்தினார்கள். ஒரு வெள்ளிக்கிழமை. நானும் போயிருந்தேன். எழுதத் தெரியாத ஜனம் நிறைய வரும், நீங்க இருந்தா ஒத்தாசையா இருக்கும் பாய் என்று அவர்களுடைய ஆள் ஜெக்கரியா வந்து அழைத்தார். படிவம் நிரப்பிக் கொடுத்தேன். நல்ல காரியம் என்று நினைத்தேன். அதற்கு நன்றியாக ஒரு சுவர்க்கடிகாரம்கூடக் கொடுத்தார்கள். என் கொட்டகையில் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

"இவ்வளவுதானே? ஒரு மருந்தோட பேரு. போய்க் கேட்டா குடுக்கப்போறான். நாளைக்கே போவோம்" என்றேன்.

மறுநாள் போனோம். வரவேற்பில் இருந்த பெண் கணினியைத் தட்டிப் பார்த்தாள். பஞ்சநதம் என்ற பெயரில் சிகிச்சை எதுவும் இல்லை என்றாள்.

"பதினாறு வாரம் வந்து ஊசி போட்டுக்கிட்டுப் போயிருக்காரும்மா. எப்படி இல்லாமப் போகும்?"

அவள் யாரிடமோ போன் பேசினாள். வைத்துவிட்டுச் சிரித்தாள். "அது டிரீட்மென்ட் ஃபைல் இல்லங்க சார். ரிசர்ச் ஃபைல். பேஷன்ட்டுக்குத் தர மாட்டோம்."

பொன்னுத்தாய் என்னைப் பார்த்தாள். "அப்படின்னா என்ன பாய்?"

ஆராய்ச்சி என்றேன். யாரை ஆராய்ச்சி என்று கேட்டாள். கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. அந்தப் பெண்ணிடம் சத்தம் போட்டேன். வாட்ச்மேன் வந்தான். ஜெக்கரியா சார் சென்னைக்குப் போயிருக்கிறார், திங்கட்கிழமை வாங்க என்றார்கள். பத்து நாளில் நாலு நாள் அங்கேயே தொலைந்தது.

இந்த இடத்தில் அமலியைச் சொல்லவேண்டும். என் கொட்டகைக்குப் பக்கத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் பெண். வேகமாக டைப் அடிப்பாள், அதைவிட வேகமாகப் பேசுவாள். விஷயத்தைச் சொன்னதும் கணினியில் எதையோ தேடிப்பிடித்து என்னைக் கூப்பிட்டாள்.

"மாமா, இந்த மாதிரி புது மருந்தை ஆளுங்க மேல போட்டுப் பாக்குறதுன்னா கவர்மென்ட் பதிவேட்டுல போடணுமாம். இதோ பாருங்க, சர்க்கரைப் புண்ணு, வாரம் ஒரு ஊசி, பதினாறு வாரம். ஊரு தஞ்சாவூரு. ஆளுங்களைச் சேக்குற வேலை முடிஞ்சதுன்னு போட்டுருக்கு."

"எத்தனை பேரு?"

"இந்த ஆஸ்பத்திரில முப்பத்தெட்டு. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மருந்து இல்லாத ஊசி. யாருக்கு எதுன்னு போடுறவங்களுக்கே தெரியாதாம். ஒப்பிட்டுப் பாக்குறதுக்கு."

"மருந்து இல்லாத ஊசின்னா?"

"உப்புத்தண்ணி மாதிரி ஏதாவது இருக்கும் மாமா."

பதிவேட்டில் மருந்துக்கு நீளமாக ஒரு பெயர் இருந்தது. கம்பெனி பெயர் இருந்தது. முப்பத்தெட்டு என்ற எண் இருந்தது. அந்த முப்பத்தெட்டுப் பேரை எங்கே பிடித்தார்கள், என்ன சொல்லிக் கூட்டிவந்தார்கள் என்று ஒரு வரி இல்லை. தாமாக முன்வந்தவர்கள் என்று மட்டும் இருந்தது. பஞ்சநதமா தாமாக முன்வந்தான்? டவுன் பஸ்ஸுக்குக்கூடப் பொன்னுத்தாய் சொன்னால்தான் அவன் எழுந்திருப்பான். யாரோ ஒரு பாவி இந்த ஜனங்களைக் காட்டிக்கொடுத்திருக்கிறான் என்று நான் அமலியிடம் கத்தினேன். அவள் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை அந்த அச்சுத்தாளோடு போனேன். பொன்னுத்தாயும் வந்தாள். ஜெக்கரியா இருந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும், மடிப்புக் கலையாத சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க பாய், எவ்வளவு நாளாச்சு" என்று கையைப் பிடித்துக்கொண்டார். உட்காரவைத்துக் காபி வரவழைத்தார். நான் காபியைத் தொடவில்லை.

"தம்பி, பஞ்சநதத்துக்குப் போட்டது மருந்தா, தண்ணியா? ஒரு வார்த்தை. சொல்லிட்டீங்கன்னா போயிடுறோம்."

"அது எனக்கே தெரியாது பாய். யாருக்கு எதுன்னு காட்டுற கோட் நம்பர் கம்பெனிகிட்ட இருக்கு. நாங்க மெயில் போடணும், அவங்க கமிட்டில வைக்கணும்..."

"எத்தனை நாளாகும்?"

"ரெண்டு மாசம், மூணு மாசம்."

"கால் அழுகிட்டிருக்கு தம்பி!"

மேஜையைத் தட்டிவிட்டேன். காபி தளும்பியது. அவர் துடைத்துக்கொண்டே, "ஆய்வுன்னு தெரிஞ்சுதானே பாய் சேர்ந்தாங்க? எல்லாம் வாசிச்சுக் காட்டி, சம்மதம் வாங்கித்தான் சேர்த்தோம்" என்றார்.

பொன்னுத்தாய் அதுவரை நின்றுகொண்டிருந்தாள். "யாரு வாசிச்சா?" என்றாள். "மைக்குல சர்க்கரைக்காரங்க எதைத் தின்னக்கூடாதுன்னு சொன்னீங்க. லெமன் சாதம் குடுத்தீங்க. ரேஷன் கார்டு ஜெராக்ஸை வாங்கிக்கிட்டு விரலை வைன்னீங்க. இலவச டிவிக்கு வச்ச மாதிரி வச்சோம். இருந்த மாத்திரையையும் நிறுத்தச் சொன்னீங்க, ஊசி ஒண்ணே போதும்னு. யாரு வாசிச்சா?"

"எங்கேருந்து பிடிச்சீங்க இவங்களை?" என்று நானும் சேர்ந்துகொண்டேன். "யாரு வீட்டுல யாருக்குப் புண்ணுன்னு தஞ்சாவூர்ல உக்காந்திருக்கிற உங்களுக்கு எப்படித் தெரியும்? அந்தப் பட்டியலைக் குடுத்தவன் எவன்?"

ஜெக்கரியா என்னை ஒரு மாதிரி பார்த்தார். கிண்டலாகப் பார்த்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பாவம் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"நீங்கதானே பாய்."

மார்கழி மாதம் அவர் என் கொட்டகைக்கு வந்து டீ வாங்கிக்கொடுத்தது ஞாபகம் வந்தது. இந்தப் பக்கம் சர்க்கரைப் புண்ணோட கஷ்டப்படுறவங்க யாராச்சும் இருக்காங்களா பாய் என்று கேட்டார். யாராச்சுமா? எனக்குத் தெரியாத ஆளா? வைத்தியச் செலவுக்கு உதவி கேட்டு நான் எழுதிய மனுக்களின் நகல் ஒரு கட்டு இருக்கிறது. அதைப் பிரித்து, பெயர், தெரு, என்ன வியாதி, எழுதத் தெரியுமா தெரியாதா என்பது வரைக்கும் ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். அவர் எழுதிக்கொண்டார். உங்களை மாதிரி ஆள் ஊருக்கு ஒருத்தர் இருந்தாப் போதும் பாய் என்றார். எனக்குத் தலை கிறுகிறுத்துப் போயிருந்தது, அவ்வளவு பெருமை.

அவர் அலமாரியைத் திறந்து ஒரு ஃபைலை எடுத்தார். கையில் தரவில்லை, மேஜைமேல் விரித்து வைத்தார். தமிழில் அச்சடித்த சம்மதப் படிவம். பதின்மூன்று பக்கம். கடைசிப் பக்கத்தில் பஞ்சநதத்தின் கைநாட்டு. அதன் பக்கத்தில் ஒரு கையெழுத்து. நீளமாக வால் இழுத்து, கீழே இரண்டு புள்ளி. என் கையெழுத்து.

அதற்கு மேலே அச்சில் ஒரு வரி இருந்தது. 'இந்தப் படிவம் முழுவதும் பங்கேற்பவருக்கு அவருடைய தாய்மொழியில் என் முன்னிலையில் வாசித்துக் காட்டப்பட்டது. அவர் புரிந்துகொண்டு தம் விருப்பப்படி சம்மதித்தார் என்று பாரபட்சமற்ற சாட்சியாக உறுதி கூறுகிறேன்.'

"தம்பி, நான் விரலுக்குத்தான் சாட்சி போட்டேன்" என்றேன்.

"வாசிச்சுக் காட்டினதுக்குச் சாட்சின்னுதானே பாய் எழுதியிருக்கு."

பொன்னுத்தாய்க்கு எழுத்துத் தெரியாது. ஆனால் அந்த வாலையும் இரண்டு புள்ளியையும் தெரியும். அவளுடைய குத்தகை மனுவிலும் அதுதான் இருக்கிறது. அவள் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் ஒன்று செய்தேன். ஏன் செய்தேன் என்று தெரியவில்லை, கோபம்தான். சுவரில் மணியைப் பார்த்துக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து சத்தமாக வாசிக்கத் தொடங்கினேன். ஜெக்கரியா தடுத்தார். கையைத் தட்டிவிட்டேன். இது சிகிச்சை அல்ல, ஆய்வு என்று இரண்டாம் பக்கத்திலேயே இருந்தது. மருந்தில்லாத ஊசி போடப்படலாம் என்று ஆறாம் பக்கத்தில் இருந்தது. எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று ஒன்பதாம் பக்கம். ஒரு பிரதி உங்களிடம் தரப்படும் என்று பதினொன்றாம் பக்கம். எல்லாம் நல்ல தமிழில், நியாயமாகத்தான் எழுதியிருந்தார்கள். முடித்தபோது இருபத்தேழு நிமிஷம் ஆகியிருந்தது.

"எத்தனை படிவத்துல நான் சாட்சி?"

"இருபத்தொண்ணு."

இருபத்தொரு பேருக்கு இதை வாசித்துக் காட்ட ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேண்டும். அன்று வெள்ளிக்கிழமை. ஒன்பதரைக்கு முகாம் தொடங்கியது. எல்லாச் சாட்சிக் கையெழுத்தையும் போட்டு முடித்துவிட்டு, பன்னிரண்டரைக்கு நான் ஜும்ஆத் தொழுகைக்குப் பள்ளிவாசலில் இருந்தேன். இதைவிட நல்ல ஆதாரம் ஒரு வக்கீலுக்கும் கிடைக்காது. அந்த ஆதாரம் முதலில் என் கழுத்தைத்தான் பிடிக்கும்.

"நான் புகார் எழுதப்போறேன் தம்பி. டெல்லி வரைக்கும் எழுதுவேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பஸ்ஸில் பொன்னுத்தாய் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கொட்டகையில் நுழைந்ததும் கடிகாரம்தான் கண்ணில் பட்டது. முள்ளுக்குக் கீழே ஆஸ்பத்திரியின் பெயர், அதற்குக் கீழே 'அன்புடன்'. ஒன்றரை வருஷமாகத் தினம் இருபது தடவை அதைப் பார்த்திருக்கிறேன். மணி மட்டும்தான் தெரிந்திருக்கிறது. கழற்றிக் கீழே வைத்தேன்.

புதன்கிழமை காலையில் புகார் எழுத உட்கார்ந்தேன். முதல் தடவை எழுதியபோது சாட்சி என்ற பேச்சே வரவில்லை. கிழித்தேன். இரண்டாவது தடவை 'சாட்சி ஒருவர்' என்று எழுதினேன். வேறு யாராவது அப்படி எழுதிக்கொண்டு வந்திருந்தால், யாருய்யா அந்த ஒருவர், பேர் இல்லையா அவனுக்கு என்று தூக்கி எறிந்திருப்பேன். அதையும் கிழித்தேன். அப்போது வாசலில் பைக் வந்து நின்றது. ஜெக்கரியா.

உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். அடையாள அட்டை இல்லை. முகம் வாடியிருந்தது.

"பாய், நான் கான்ட்ராக்ட்ல இருக்கிறவன். இத்தனை மாசத்துல இத்தனை ஆளுன்னு கணக்கு குடுத்தாங்க, சேர்த்தேன். புகார் போனா முதல்ல என் வேலை போகும். அடுத்தது உங்களைத்தான் பிடிப்பாங்க. பொய்ச் சாட்சின்னு."

"சரி. அதுக்கு?"

"கோட் நம்பரைப் பிரிச்சுட்டாங்க பாய், ஆய்வு முடிஞ்சு மாசக்கணக்காச்சு. எந்த ஆளுக்கு எதுன்னு எங்க ஆபீஸ்லயே இருக்கு. இன்னிக்கே எடுத்துக் குடுக்கிறேன். நீங்க புகாரை விட்டுடணும். அவ்வளவுதான்."

முந்தாநாள் இரண்டு மாசம், மூன்று மாசம், கமிட்டி என்றவர். பதிலைக் கையில் வைத்துக்கொண்டே இல்லை என்றிருக்கிறார்கள். எழுந்து ஓர் அறை விடலாம் போல இருந்தது. பத்து நாளில் இரண்டே நாள் மிச்சம். அது என் கால் இல்லை, பஞ்சநதத்தின் கால். அதைப் பேரம் பேச நான் யார்? ஏற்கெனவே ஒரு தடவை அவனைக் கேட்காமல் அவனுக்காக நான் கையெழுத்துப் போட்டாயிற்று.

"அவங்களைக் கேட்டுச் சொல்றேன்" என்று சைக்கிளை எடுத்தேன்.

பஞ்சநதம் வீட்டுக்குள் கயிற்றுக் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். வலது பாதத்தில் கட்டு. பொன்னுத்தாய் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், நான் வந்ததைப் பார்த்தும் நிறுத்தவில்லை. நான் உட்காரவில்லை. பட்டியல் கொடுத்தது நான்தான் என்றேன். படிக்காமல் சாட்சி போட்டேன் என்றேன். கடிகாரத்தையும் சொன்னேன். ஜெக்கரியாவின் பேரத்தைச் சொன்னேன். பதில் இன்றைக்கே கிடைக்கும், ஆனால் புகார் போகாது. புகார் போனால் பதில் எப்போது வரும் என்று தெரியாது. இரண்டில் எது என்று நீங்கள்தான் சொல்லவேண்டும் என்றேன்.

பஞ்சநதம் கட்டைப் பார்த்தான். "எனக்குக் கால் வேணும் பாய். சம்பா நடவுல வரப்புல நிக்கலேன்னா நிலமும் போயிரும்."

"அப்ப பதிலை வாங்கிடுறேன். புகாரை விட்டுடுவோம்."

முறம் நின்றது. "எதுக்கு விடணும்?" என்றாள் பொன்னுத்தாய். "பதிலையும் வாங்குங்க. புகாரையும் அனுப்புங்க."

"அனுப்ப மாட்டோம்னு சொல்லித்தானம்மா வாங்கணும். வாங்கிட்டு அனுப்பினா நல்லாவா இருக்கும்?"

"அவங்க எங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டா செஞ்சாங்க?"

எனக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. அரிசியைப் புடைக்கத் தொடங்கிவிட்டாள்.

புகார் போகாது என்று ஜெக்கரியாவிடம் சொல்லிவிட்டேன். அன்று சாயங்காலம் அவர் ஒரு தாளின் நகலைக் கொண்டுவந்தார். முப்பத்தெட்டு வரிசை எண்கள், எதிரே ஒவ்வோர் ஆங்கில எழுத்து. பஞ்சநதத்தின் எண்ணுக்கு எதிரே இருந்த எழுத்தை விரலால் காட்டி, "மருந்து இல்லாதது" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

டாக்டரம்மாவிடம் மறுநாள் காலையிலேயே காட்டினோம். அவர் ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்தார். "கிட்னிக்குப் பயமில்லை, இன்னிக்கே மருந்தை ஆரம்பிச்சிடலாம். ஒரு விரலை எடுக்கவேண்டியிருக்கும், பாதம் நிக்கும்" என்றார். பிறகு மெதுவாக, "நாலு மாசம் புண்ணுக்கு ஒரு மருந்துமே போகலையே" என்றார்.

பஞ்சநதம் சக்கர நாற்காலியில் இருந்தான். விரல்விட்டு ஏதோ எண்ணினான். "பதினாறு தடவை பஸ் ஏறிப் போயி உப்புத்தண்ணியைக் குத்திக்கிட்டு வந்தேனா?" என்று என்னைக் கேட்டான். ஆமாம் என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல?

புகார் எழுதி முடிக்க ஐந்து நாள் ஆனது. ஒன்றாம் எதிர்மனுதாரர் ஆஸ்பத்திரி. இரண்டாம் எதிர்மனுதாரர் மருந்துக் கம்பெனி. மூன்றாம் எதிர்மனுதாரர், ஹாஜா மைதீன், மனு எழுதுபவர், பாபநாசம். யாரை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், யார் பட்டியல் கொடுத்தது, எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடித்தார்கள், ஒரு படிவத்தை வாசிக்க எவ்வளவு நேரம், எல்லாம் எழுதினேன். இணைப்பாக ஒரு சுவர்க்கடிகாரம் என்றும் எழுதினேன். ஜெக்கரியாவின் பெயரை எழுதும்போது கை கொஞ்சம் நின்றது. எழுதாமல் விட்டால் மறுபடியும் 'ஒருவர்' ஆகிவிடும். எழுதினேன்.

கைநாட்டு வைக்கப் பொன்னுத்தாயும் பஞ்சநதமும் வந்தார்கள். புதுக் கட்டு, கையில் கம்பு. வழக்கம்போல மைப்பெட்டியை எடுத்து முன்னால் வைத்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. என்மேல் கொடுக்கிற புகாருக்கு நானே சாட்சி போட முடியுமா? அமலியைக் கூப்பிட்டேன். அவள் என் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் எழுந்து ஜனங்கள் உட்காரும் பெஞ்சுக்குப் போனேன். இருபத்திரண்டு வருஷத்தில் அந்தப் பெஞ்சில் நான் உட்கார்ந்ததில்லை. ஒரு கால் ஆடும் என்பதே எனக்குத் தெரியாது.

"நான் முழுசா வாசிக்கிறேங்க. புரியலேன்னா நிறுத்துங்க" என்றாள் அமலி.

பொன்னுத்தாய் நாலு இடத்தில் நிறுத்தினாள். எதிர்மனுதாரர் என்றால் என்ன என்று கேட்டாள். இழப்பீடு என்பது நாங்கள் கேட்பதா, அவர்களாகத் தருவதா என்று கேட்டாள். என் பெயர் வந்த இடத்தில் நிறுத்தவில்லை. வாசித்து முடிக்கப் பதினெட்டு நிமிஷம் ஆனது. தாலுகா ஆபீசுக்குள் யாரோ மைக்கில் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

பஞ்சநதம் விரலை வைத்தான். பொன்னுத்தாய் மையைத் தொட்ட விரலைக் காகிதத்துக்கு மேலே அப்படியே பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். ஆஸ்பத்திரியிலிருந்து பஸ்ஸில் வந்த நாளிலிருந்து அவள் என்னை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

"அன்னிக்கும் இப்படி ஒருத்தரு வாசிச்சிருந்தா அவரை வைக்க விட்டிருக்க மாட்டேன் பாய்" என்றாள். "அவரு என்னத்தைக் கண்டாரு, இது என்ன பேப்பருன்னு என்னைத்தான் கேட்டாரு. அந்தப் பக்கம் நீங்க உக்காந்து எழுதிக்கிட்டிருந்தீங்க. பாய் இருக்காரு, வையுங்கன்னு நான்தான் சொன்னேன்."

பிறகு குனிந்து, விரலைக் காகிதத்தில் வைத்து அழுத்தினாள்.